தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒரு கூட்டம்

கடந்த ஆண்டு பிப்ரவரியில், உலக ஈரநில நாளை ஒட்டி வந்த ஒரு சனிக்கிழமையன்று, எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என் பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். காலை 10:30 மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். மேடையில் குத்துவிளக்கு, பின்னால் நாரைப் படம் போட்ட பேனர், வாசலில் மஞ்சள் துணிப்பையில் பேனாவும் குறிப்பேடும். முன்வரிசையில் இருபது நாற்காலிகளின் முதுகில் 'மீனவப் பெண்கள்' என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பதினொரு மணி வரைக்கும் அந்த நாற்காலிகளில் யாரும் வந்து உட்காரவில்லை. புகைப்படம் எடுப்பவர் முன்வரிசை காலியாகத் தெரிகிறது என்று சொன்னதும், ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து என் பிள்ளைகளில் இருபது பேரை எழுப்பி அங்கே உட்காரவைத்தார். நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த தாளை ஒரு பையன் கிழித்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆயா, கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஓர் இருளர் குடியிருப்பு அவர்களுடையது. ஆயாவையும் கூட்டத்துக்குக் கூட்டிவா என்று அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நின்றவளிடம், ஏன் ஆயா வரவில்லை என்று கேட்டேன். "ஆயா எப்படி டீச்சர் வருவாங்க? இப்பத்தானே தண்ணி வத்துது" என்றாள். அதில் குறைகூறும் தொனி எதுவும் இல்லை. பள்ளி மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விடுவார்கள் என்பதைப் போல, தெரிந்த ஒன்றைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கோ அந்த ஒரு வரி அன்று முழுக்க மனத்தில் நின்றது. மேடையில் பேசியவர்களின் பேச்சில் பாதியை நான் கேட்கவே இல்லை.

நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். எந்த வாரம் பகல், எந்த வாரம் இரவு என்பது எங்கள் வீட்டில் குழந்தைகள் முதல் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் தூங்கும் நேரத்தில் பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் வைப்போம். அப்படி வளர்ந்த எனக்கு, வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் ஓடும் ஆற்றுக்கும் ஒரு ஷிப்டு உண்டு என்று நாற்பத்தாறு வயதில்தான் உறைத்தது. கடல்நீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது என்றும், அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்றும் அறிவியல் பாடத்தில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். இந்த வாரம் காலை பத்து மணிக்கு வற்றும் தண்ணீர் அடுத்த வாரம் மாலை நாலு மணிவாக்கில் வற்றும். சேற்றில் கைவைத்துப் பிழைப்பவர்களுக்குப் பகல் வற்றம்தான் அன்றைய கூலி. அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், அவர்களுடைய ஆற்றைக் காப்பது பற்றிப் பேசுவதற்கு நாம் அவர்களை மண்டபத்துக்கு அழைத்திருந்தோம்.

மேடையில் பேசியவர்கள் தவறாக எதுவும் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையைச் சொன்னார்கள். 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி கிடைத்ததைப் படத்தோடு காட்டினார்கள். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் எண்ணூர்க் கழிவெளிக்கு அந்தத் தகுதி இல்லை என்பதை ஒருவர் வருத்தத்தோடு குறிப்பிட்டார். 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் இந்தக் கழிவெளி முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்க, அதன் மேல் அனல்மின் நிலையச் சாம்பல் குளமும் நிலக்கரிக் கிடங்கும் எப்படி வந்தன என்று இன்னொருவர் கேட்டார். எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும், மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த நாங்களும்தாம்.

இரண்டு மண்டபங்கள்

இதற்கு இரண்டரை மாதம் முன்பு, நவம்பர் 21, உலக மீன்வள நாளன்று காசிமேட்டுப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்த வேறொரு கூட்டத்துக்கும் போயிருந்தேன். அது வளங்குன்றா மீன்பிடிப்பு பற்றியது; ஆட்கள் நிறையவே வந்திருந்தார்கள். பயிற்சி தர வந்தவர் ஒரு இழுவலையின் அடிமடியை மேசைமேல் விரித்து, வலைக்கண்ணில் அளவுகோலை வைத்துக் காட்டினார். கண்ணி சிறுத்தால் குஞ்சு சிக்கும், குஞ்சு சிக்கினால் அடுத்த ஆண்டு மீன் இருக்காது என்று பொறுமையாக விளக்கினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஏன், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு ஏன் இழுக்கக் கூடாது, மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையை 2000இல் தமிழக அரசு ஏன் தடை செய்தது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் மட்டும் அதை அனுமதித்ததில் என்ன நிபந்தனைகள் என்று ஒவ்வொன்றாக வந்தார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. காசிமேட்டு ஏலக்கூடத்தில் விடியற்காலையில் நின்றவர்களுக்குத் தெரியும்: பெரிய வஞ்சிரமும் கொடுவாவும் ஒரு பக்கம் போக, விரல் நீளம்கூட வளராத பொடிமீன் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும். கிழங்கான் குஞ்சு, பண்ணாக் குஞ்சு, எது எதன் குஞ்சு என்று பிரிக்கக்கூட முடியாமல் நசுங்கியது எல்லாம் சேர்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும். வயிற்றைக் கலக்கும் காட்சி அது. கடலில் மீன் குறைந்ததற்கு மீன்பிடிப்பவர்களின் அவசரமே முதல் காரணம் என்று நான் அப்போது உறுதியாக நம்பினேன். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கேள்வி நேரத்தில், எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஃபைபர் படகுக்காரர் ஒருவர் எழுந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "சார், எங்க வலைக்கு அளவு வெச்சீங்க, ரொம்ப சரி. கரண்டு ஆபீசுல தண்ணி இழுக்குற மோட்டாருக்கு எந்தக் கண்ணி அளவு?" என்று கேட்டார். கூடத்தில் ஒரு சலசலப்பு. அது வேறு துறை, இங்கே பேச முடியாது என்று சொல்லி மைக்கை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டார்கள். அவர் உட்காராமல் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே போய்விட்டார். என் குறிப்பேட்டில் அவருடைய கேள்விக்குப் பக்கத்தில் 'தப்பிக்கும் பேச்சு' என்று எழுதிவைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரிக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த இரவில் அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். ஈரநிலத்துக்கு ஒரு நாள், மீனுக்கு ஒரு நாள். இரண்டுக்கும் வெவ்வேறு பேனர், வெவ்வேறு துறை, வெவ்வேறு ஆட்கள். வனமும் பறவையும் பேசுகிற இடத்தில் வலையைப் பற்றி யாரும் பேசவில்லை. வலையைப் பற்றிப் பேசிய இடத்தில் ஆறு ஒரு முறைகூட வரவில்லை, அந்தப் படகுக்காரர் கேட்டபோது தவிர. ஆனால் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே: வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது, பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிவெளிக்குள் நுழைகின்றன, அங்கே சேற்றிலும் கண்டல் வேர்களுக்கு இடையிலும் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. காசிமேட்டில் கிலோவுக்கு விலை பேசப்படும் இறால், குஞ்சாக இருந்த காலத்தில் இப்படியொரு கழிவெளிச் சேற்றில் கிடந்ததுதான். மின் நிலையங்கள் குளிர்விப்பதற்கு நீரை இழுக்கும்போது, கண்ணுக்கே தெரியாத அளவில் மிதக்கும் குஞ்சுகளும் கூடவே போகின்றன. சூடேறிய நீர் திரும்பவும் ஆற்றுக்கே வருகிறது. அந்த மனிதர் தப்பிக்கப் பேசவில்லை. தன் பங்குக்குக் கண்ணியைப் பெரிதாக்கத் தயாராக இருந்தவர், மற்றவர் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறார்.

சேற்றில் ஒரு மாலை

மறு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அந்த மாணவியோடு ஆற்றங்கரைக்குப் போனேன். முதல் நாளே அவளிடம் நேரம் கேட்டு வைத்துக்கொண்டேன். தூரத்தில் புகைபோக்கிகள், தலைக்கு மேல் மின்கம்பிகள், ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் மின்கோபுரங்கள். ஒரு கோபுரத்தின் அடிக்கட்டையில் ஈரம் இருந்த உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஆயாவுக்குக் கடிகாரம் அதுதான் என்று அவள் சொன்னாள். ஆயாவும் இன்னும் நாலு பெண்களும் மார்பளவு தண்ணீரில் இருந்தார்கள். தலை மட்டும் தெரியும். முகம் எங்கேயும் பார்க்காது. பார்வை எல்லாம் விரலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பனையோலையில் முடைந்த பறியை ஆயா பல்லில் கடித்துப் பிடித்திருந்தார், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்வதற்காக. சேற்றில் ஊன்றி எடுத்த காலின் குழியில் இறால் வந்து ஒதுங்கும். போன வழியே திரும்பி வரும்போது அந்தக் குழிகளைக் கையால் தடவுவார்கள். ஒரு கை மூடும், இன்னொரு கை அடியில் வரும், தண்ணீருக்கு மேலே வந்த கை பறியின் வாய்க்குள் போய்விட்டு உடனே திரும்பும். எனக்கு முன்னால் அரை மணி நேரத்தில் அப்படி ஏழெட்டு முறை கை மேலே வந்திருக்கும். அதில் இரண்டு முறை, பறிக்குள் போகாமலே திரும்பித் தண்ணீருக்குள் போயிற்று.

கரையேறிய பிறகு அதைக் கேட்டேன். "பொடிசும்மா அது. கையில புடிச்சா ஒதறணும். ஒதற தெம்பில்லாதத எடுத்து என்ன பண்றது, வளரட்டும்" என்றார். சொல்லிவிட்டுப் பறியைக் கவிழ்த்தார். அன்று கிடைத்தது இருநூறு கிராம் இருக்கலாம், கூடவே இரண்டு நண்டு, ஒரு சின்ன மடவை. மூன்று மணி நேர வேலை. முன்பெல்லாம் பறி நிறைந்தால் கரைக்கு வந்து கொட்டிவிட்டு மறுபடி இறங்குவோம் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னார்.

பிறகு ஆயா தன் உள்ளங்கையைக் காட்டினார். விரல்களில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்ததும் தோல் வெளுத்து ஊறி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். சில ஆறியவை, சில அன்றைக்குப் பட்டவை. கையைக் கீறியதைக் காக்கா ஆழி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நம் மண்ணுக்கு உரியதல்ல, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வகை மட்டி. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றிவந்து இறக்கும் நீரில் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆற்றின் அடியில் கம்பளம் விரித்தாற்போல் அடர்ந்து ஒட்டிக்கொள்கிறது. இறால் புதைய இடமில்லை, தடவுகிற கைக்குச் சேறு அகப்படுவதில்லை, ஓட்டின் விளிம்புதான் அகப்படுகிறது. "கப்பல்ல வந்துச்சுன்றாங்க. வந்து எங்க கையிலதான் குத்துது" என்றார் ஆயா.

அவர் என் கையைப் பிடித்துக் கரையோரச் சேற்றில் வைத்து அழுத்தியது இந்தக் கட்டுரைக்கே காரணம். முதலில் ஓரிடத்தில்: கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று, குளிர்ச்சியாக, அரைத்த மாவில் கைவிட்டதைப் போல. பத்தடி தள்ளி இன்னோரிடத்தில்: மேலே ஒரு விரல் கனம் சேறு, அதற்குக் கீழே விரல் இறங்கவில்லை. சாம்பல் படிந்து இறுகிய இடம் அது. குழாய் உடைந்து சாம்பல் கலந்த நீர் வந்த காலங்களில் படிந்தது என்றார்கள். நகத்தால் கீறினால் சாம்பல் நிறப் பொடி வந்தது. ஆயா அங்கே நின்றபடியே, எந்த மூலையில் மாவுச்சேறு மிச்சம் இருக்கிறது, எங்கே இறுகிவிட்டது, எங்கே ஆழி ஏறிவிட்டது, 2023 டிசம்பரில் புயல் மழையோடு வந்த எண்ணெய் எந்தக் கண்டல் மரங்களின் மூச்சுவேரில் கறுப்பாக ஒட்டியது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். பல ஆண்டுகளாகக் கூட்டங்களில் எத்தனையோ வரைபடங்கள் பார்த்திருக்கிறேன். ஆற்றின் அடி எப்படி இருக்கிறது என்று காட்டிய ஒன்றை அன்றுதான் பார்த்தேன். அதை வைத்திருப்பவருக்குத்தான் நாம் காலை பத்தரை மணிக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தோம்.

எண்ணெய் வந்தபோது நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டேன். மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது நினைவிருந்தது. கணக்கெடுத்தவர்கள் தங்கள் குடியிருப்புக்கு வரவே இல்லை என்றும், போய்க் கேட்டபோது படகு இருக்கிறதா, சங்க அட்டை இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். கையைத் தவிர வேறு கருவி இல்லாதவர் படகுக்கும் அட்டைக்கும் எங்கே போவார்? இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆற்றை எதுவும் கெடுக்காமல், குஞ்சைத் தொட்டு உணர்ந்து திருப்பி விட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் எடுப்பவர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. வளங்குன்றா மீன்பிடிப்பு என்ற சொல்லை நாம் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மே மாதத்து ஞாயிறு

ஒரு கூட்டத்தையாவது ஆற்றின் நேரத்துக்கு வைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நாங்கள் என்றால், நானும் எங்கள் பள்ளியில் இன்னும் மூன்று ஆசிரியர்களும், எண்ணூரில் நீண்ட காலமாக இதற்காக ஓடுகிற சில இளைஞர்களும். தடைக்காலம் என்பதால் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. வலை பின்னிக்கொண்டும் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டும் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். என் மாணவி கோபுரத்துக் கறுப்புக் கோட்டைப் பார்த்து இரண்டு மாதமாக ஒரு நோட்டில் நேரம் குறித்துக்கொண்டே வந்திருந்தாள். அதை வைத்து மே மாதத்து முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி என்று குறித்தோம். கரையில் ஒரு தார்ப்பாய், ஒரு பெரிய பாத்திரத்தில் தேநீர், மைக் கிடையாது. காசிமேட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் முப்பது ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுபவர். நவம்பரில் மோட்டாருக்கு என்ன கண்ணி அளவு என்று கேட்ட அதே படகுக்காரரையும் தேடிப் பிடித்து அழைத்தோம். பழவேற்காட்டிலிருந்து இருவர். மீன்வளத் துறை சார்பில் ஓர் இளம் அலுவலர், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கூட்டம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தொடங்கிய பத்தாவது நிமிடமே ஃபைபர்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் 5 கடல் மைல் விஷயத்தில் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுக் கரையோரம் வந்து இழுக்கிறீர்கள், எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று இவர்கள். டீசல் விலைக்கு வெளியே போனால் கட்டவில்லை, ஆழ்கடலுக்குப் போகச் சொல்கிறவர்கள் அதற்கு ஏற்ற படகுக்கு வழி சொல்லட்டும் என்று அவர்கள். திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீனுக்கென்றே துறைமுகம் கட்டியதைச் சொல்லி, நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலுக்கு மாறினால் கரைக்கடலில் நெருக்கடி குறையும் என்றார் அலுவலர். அது சரிதான், ஆனால் அதற்கு வேண்டிய முதல் யாரிடம் இருக்கிறது என்பதில் பேச்சு மறுபடி சூடானது.

இதற்கிடையே ஆயா தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். கூட்டத்துக்காக அவர் அன்று வேலையை விடவில்லை. விட வேண்டாம் என்று நாங்களும் சொல்லியிருந்தோம். ஈரப் புடவையோடு தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, பறியிலிருந்து சிலவற்றை எடுத்துப் போட்டார். திருப்பி விட வேண்டிய பொடிகளை அன்று மட்டும் காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்தார். கண்ணாடி போல உடம்பு, நடுவில் ஒரு கறுப்பு நூல் மாதிரிக் குடல், மீசை மட்டும் அசைகிறது. ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. விசைப்படகு ஓட்டுபவர் எழுந்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒன்றை உள்ளங்கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம வெள்ள எறா இல்ல? இது இங்கியா கீது?" என்று ஆயாவைக் கேட்டார். "இங்கதான் நைனா வளருது. வளந்தா உங்கிட்ட வந்துரும்" என்றார் ஆயா. அவர் அந்தக் குஞ்சைத் தட்டில் விட்டுவிட்டு, எழுந்து போய் ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தவர் கேட்டது அலுவலரை: இந்த ஆறு செத்துப்போனால் எங்களுக்கு 61 நாளும் பிடிக்காமல் இருந்து என்ன பயன், இதைக் கடலோடு சேர்த்துக் கணக்கில் வைத்திருக்கிறீர்களா? அதற்குப் பக்கத்திலிருந்த ஃபைபர்காரர், நான் போன வருஷமே கேட்டேன் என்றார். அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இருவரும் அதன் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். 5 கடல் மைல் சண்டை தீர்ந்துவிடவில்லை. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பழவேற்காட்டுக்காரர்கள் தங்கள் பாடு முறையை விளக்கினார்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. ஒரே இடத்தை ஒருவரே அள்ளிக்கொள்ள முடியாது. அலுவலர் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார். ஆயா குறுக்கிட்டு, "அதுல பொம்பளைங்களுக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். இருளருக்கு? அதற்கும் இல்லை. நல்ல முறை என்று நாம் கொண்டாடுகிற ஒன்றிலும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு என்பதை அவர் கேட்ட பிறகே அங்கிருந்தவர்கள் நினைத்துப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் பற்றிப் பேச்சு வந்தபோதும் அவரே சொன்னார்: "உங்களுக்கு கவுருமெண்டு சொல்லித் தடை. எங்களுக்கு எண்ணெ வந்து தடை போட்டுது, சாம்பல் வந்து தடை போட்டுது. அதுக்கு நிவாரணம் எந்த ஆபீசு?" அலுவலர் அந்தக் கேள்வியையும், மோட்டாருக்குக் கண்ணி அளவு எது என்ற கேள்வியையும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். இரண்டுக்கும் இதுவரை பதில் வரவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் எழுதியது யார் மேசைக்குப் போய் நிற்கிறது என்று தொடர்ந்து கேட்க வேண்டியது எங்கள் வேலை, இரண்டு கடிதம் போட்டிருக்கிறோம்.

ஒன்பது மணிவாக்கில் தார்ப்பாயின் ஓரம் நனைந்தது. பிள்ளைகள் எழுந்து அதை மேலே இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி நனைந்தது. ஆயா தட்டை எடுத்துப் போய்க் குஞ்சுகளை ஆற்றில் சாய்த்துவிட்டு, தண்ணி ஏறுது, நான் போறேன் என்று கிளம்பினார். நன்றியுரை சொல்ல வேண்டியவர் சொல்லாமலே கூட்டம் கலைந்தது.

இந்த ஆண்டும் பிப்ரவரிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அதே மண்டபம், அதே காலை 10:30 மணி. நேரத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன், இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். நோட்டைப் பார்க்காமலே சொன்னாள்: தைப்பூசத்துக்கு மறுநாள், பௌர்ணமித் தண்ணி; காலையில் ஆறு நிறைந்து நிற்கும், பிற்பகலில்தான் வற்றும். "பத்தரைக்கே இருக்கட்டும் டீச்சர். ஆயா பன்னெண்டு மணிக்கு மேலதான் எறங்குவாங்க, அதுக்குள்ள வந்துட்டுப் போயிரலாம்" என்றாள். பிறகு, "ஆனா மைக்கு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். நேரத்தைப் பற்றி எழுத எடுத்த தாளில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்: முதல் பேச்சு ஆயாவுடையதாக இருக்க வேண்டும், குத்துவிளக்குக்கு முன்பாகவே, பன்னிரண்டு மணிக்கு அவர் ஆற்றில் இருக்க வேண்டும்.